நடக்கிறாள் என்றால் குடம் தூக்குவாள் என்று அர்த்தமில்லை!



ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "பச்சை உடம்பு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. அசைஞ்சா தையல் பிரிஞ்சுடும்" என்பது ஒரு கட்சி. "எங்க வீட்டுல ஆபரேஷன் பண்ணி பதினஞ்சாம் நாளே அத்தனை வேலையும் பார்த்தா" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே நம் மேல் பிரியத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சையும் கேட்டால் உடம்பு தாங்காது.

எனக்கு வயது 48. கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் இருந்து, மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகமாகி, ரத்தசோகையில் படியேற முடியாத நிலை வந்தது. 2023-ம் வருஷம் ஆடி மாசம், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எந்தப் பயிற்சியை எப்போது செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் வீட்டுப் பெண்களுக்கு ஆகும் என்று எழுதுகிறேன்.

படுத்தே கிடந்த பெரிய ஓரகத்தி

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெரிய ஓரகத்திக்கும் இதே ஆபரேஷன்தான், எனக்கு நாலு வருஷம் முன்னால். மருத்துவமனையில் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் எல்லாம் கூடி அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்ட மாதிரி வைத்துவிட்டார்கள். சாப்பாடு கட்டிலுக்கே வரும். பாத்ரூம் போவது ஒன்றுதான் நடை. தண்ணீர் அதிகம் குடித்தால் புண் சீழ் பிடிக்கும் என்று தண்ணீரும் அளவுதான்.

பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வலித்தது. மறுநாள் அந்த ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு, நல்லெண்ணெயைக் காய்ச்சி உருவி விட்டா சரியாப் போகும்" என்று ஒரு பெரியம்மா கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். நல்ல காலம், ஊசி போட வந்த பக்கத்துத் தெரு நர்ஸ் பார்த்துவிட்டு, "கையை எடுங்க, உருவாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார். ஸ்கேனில் காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. அந்தக் கட்டி உடைந்து நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டார்.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் உள்ள ரத்தம் மேலே ஏறுகிறது. அது ஒரு பம்ப் மாதிரி. நாம் படுத்தே இருந்தால் பம்ப் நின்றுவிடுகிறது. ஆபரேஷன் ஆன உடம்பில் ரத்தம் உறையும் தன்மையும் கொஞ்ச காலம் கூடுதலாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கட்டி உண்டாகிறது. இந்த ஆபத்து மருத்துவமனையோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்தபின் சில வாரங்கள் வரை இருக்கிறது.

எழுந்து நடந்தால் வேலை தலையில் விழும்

அக்கா குணமான பிறகு ஒருநாள் தனியாகச் சொன்னார். "எனக்கு நடக்க முடியாமலா இருந்துச்சு? முடிஞ்சுது. ஆனா நடந்தா என்ன ஆகும்? 'நடக்கிறாளே, அப்ப அடுப்படிக்கும் வரலாமே'ன்னு நினைப்பாங்க. அதுக்கு பயந்துதான் படுத்தே கிடந்தேன்."

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. தோழிகளே, நம்மில் எத்தனை பேர் இப்படி இருந்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். நடந்தால் ஓய்வு பறிபோகும். படுத்தால் காலில் ரத்தம் கட்டும்.

எனக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "நீங்க எங்கிட்ட சொல்றதை என் வீட்டுக்காரர், என் மாமியார் ரெண்டு பேரையும் உட்கார வச்சு சொல்லணும் டாக்டர்." அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இரண்டு பேரையும் அழைத்து, "இவங்க முதல் நாள்லேர்ந்து நடக்கணும், அது மருந்து. ஆனா ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, அதுவும் மருந்துதான். நடக்கிறாங்களேன்னு வேலை கொடுத்தா, உள்தையல் விட்டுப்போய் திரும்ப எங்கிட்டதான் வருவாங்க" என்றார். அதை ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டோம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள். அந்தத் தாள் எனக்குப் பண்ணிய உபகாரம் கொஞ்ச நஞ்சமல்ல.

மாமியாரை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு மூன்று வாரம் படுக்கையில் வைப்பதுதான் அப்போதைய வைத்தியம். 1899-லேயே சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மகப்பேறு மருத்துவர் சீக்கிரம் எழுப்பி நடக்கவிடலாம் என்று எழுதினார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்த 1940-களில்தான் அது பரவலானது. 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை நிபுணர் இதை ஒரு முறையாகவே வகுத்தார். சீக்கிரம் சாப்பிடுவது, சீக்கிரம் எழுந்து நடப்பது, வலியை நன்றாக அடக்குவது எல்லாம் அதில் அடக்கம். அத்தைக்கு இதைச் சொன்னபோது, "அப்ப எங்களைத்தான் வீணாப் படுக்கப் போட்டுட்டாங்களா!" என்றார்.

மருத்துவமனையில் முதல் இரண்டு நாள்

மயக்கம் தெளிந்த அன்று சாயங்காலமே சிஸ்டர் சொல்லிக்கொடுத்தவை இவை.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு பத்து இருபது தடவை. ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலும் செய்யலாம்.

மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். பார்த்ததும் எல்லோரும் அதில் ஊதுவார்கள். ஊதக்கூடாது, வாயால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே எழும்பும். வயிற்று வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கி, நிமோனியா வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் இது.

இருமல் வந்தால் அடக்காதீர்கள். ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள். தும்மல், சிரிப்பு எல்லாவற்றுக்கும் அந்தத் தலையணைதான் துணை.

எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாந்து படுத்தபடி நேராக எழுந்தால் மொத்த பாரமும் வயிற்றில்தான் விழும். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருளும்படி பக்கவாட்டில் திரும்புங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி எழுந்து உட்காருங்கள். இரண்டு மூன்று நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தேன். பத்தடிதான். கூனிக்கொண்டே நடக்கத் தோன்றும். முடிந்தவரை நிமிர்ந்து நடக்கச் சொன்னார்கள். நடக்க நடக்க வயிற்றில் கட்டியிருந்த வாயு பிரிந்தது. அதுவே பாதி வலியைக் குறைத்துவிட்டது.

லேப்ராஸ்கோபி செய்தவர்களுக்குத் தோள்பட்டையில் வலி வரும். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. சில நாளில் போய்விடும். பயப்பட வேண்டாம்.

நடைக்கு ஒரு கணக்கு

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கூடத்திலேயே ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஒரேயடியாக அரைமணி நடப்பதைவிட இதுவே நல்லது. இரண்டாம் வாரம் பத்து நிமிஷமாக்கினேன். மூன்றாம் வாரம் தெருவில், சமதரையில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு. ஆறு வாரம் முடியும்போது ஒரே மூச்சில் அரைமணி நேரம் வந்தது. இது என் உடம்புக் கணக்கு. உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். யாரோடும் போட்டி போட வேண்டாம்.

சரியான வேகம் எது? பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம்.

சரியான அளவு எது? அதை மறுநாள் காலை சொல்லும். எழுந்திருக்கும்போது நேற்றைவிட வலி அதிகமாக இருந்தாலோ, குறைந்துவந்த ரத்தக்கசிவு மறுபடி கூடினாலோ, நேற்றைய நடை உங்களுக்கு அதிகம். ஒருநாள் குறைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

வலி மாத்திரை சாப்பிட்டு உடனே நடந்தால் வலி தெரியாமல் அதிகம் நடந்துவிடுவோமோ என்று எனக்குச் சந்தேகம். டாக்டரிடம் கேட்டேன். "வலியை அடக்கினாத்தான் மூச்சு விடவும் நடக்கவும் முடியும், மாத்திரையை நிறுத்தாதீங்க. கணக்கை மட்டும் மீறாதீங்க" என்றார். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். ஈரத்தரையில் வேண்டாம். மாடிப்படி ஏறலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள். தேவையில்லாமல் பத்து தடவை ஏறி இறங்குவதுதான் கூடாது.

யாரும் வெளியே பேசாத பயிற்சி

ஒரு பயிற்சியைப் பற்றி நம் பெண்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில் மாதிரி தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, குடல் எல்லாவற்றையும் தாங்குவது அவைதான். பிரசவம், வயது, ஆபரேஷன் எல்லாம் சேர்ந்து அவை தளர்ந்துபோகும். இருமினால், சிரித்தால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறதே, அதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றைப் பலப்படுத்தும் பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என்கிறார்கள்.

பத்துப் பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே இறுக்க வேண்டும். அப்படியே ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுவதும் தளர்த்த வேண்டும். பத்து தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக பத்து எண்ணும்வரை பிடிக்கலாம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திச் செய்து பழகக் கூடாது.

சிறுநீர் டியூபை எடுத்த பிறகுதான் இதை ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பப்பையோடு சேர்த்து அடியிறக்கத்துக்கும் தையல் போட்டிருந்தால் எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே யாருக்கும் தெரியாத பயிற்சி இது. நான் டி.வி. பார்த்துக்கொண்டே செய்வேன்.

இதோடு கட்டிலில் படுத்தபடி இரண்டு எளிய பயிற்சிகள். முழங்காலை மடக்கி, இரண்டையும் சேர்த்து மெல்ல இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ப்பது ஒன்று. முதுகின் அடிப்பகுதியைப் படுக்கையோடு அழுத்தி, தளர்த்துவது இன்னொன்று. இரண்டும் முதுகு வலிக்கு இதம். வலிக்காத அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

வீட்டு வேலை உடற்பயிற்சி ஆகாது

"நடக்கிறதுக்கு பதிலா வீட்டைப் பெருக்கி, துணி துவைச்சா அதுவே எக்சர்சைஸ்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. நடையில் பாரம் இல்லை, குனிதல் இல்லை, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். வீட்டு வேலையில் தூக்க வேண்டும், குனிய வேண்டும், மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தவும் முடியாது. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, நேராகத் தையலைத்தான் தள்ளும்.

ஒரு வாரம் பத்து நாளில் வெளித்தையல் பிரித்ததும் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். தோலுக்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே வயிற்றைத் தாங்கும் கெட்டியான சவ்வு என்று பல அடுக்கு இருக்கிறது. அந்தச் சவ்வு பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். எவ்வளவு ஆறினாலும் தழும்பு பழைய பலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் போவதில்லை என்கிறார்கள். ஆறாத சவ்வு விட்டுப்போனால் அந்த வழியே குடல் பிதுங்கும். அதுதான் ஹெர்னியா என்கிற குடலிறக்கம். அதற்கு இன்னொரு ஆபரேஷன் ஆகும்.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண், இருபதாம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதே என்று குடத்தை இடுப்பில் வைத்தார். ஆறு மாதம் கழித்து தையல் போட்ட இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் செலவு.

ஆறு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. நம் வீட்டு பாரங்களைப் பாருங்கள். நிறைகுடம் பதினைந்து கிலோ வரும். ஈரத்துணி வாளியும் அப்படித்தான். அரிசி மூட்டை, கிரைண்டர் கல், மாவு நிறைந்த அண்டா, பேரக்குழந்தை எல்லாமே கணக்கை மீறியவை. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ. சிலிண்டரோடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. தூக்குவது மட்டுமல்ல, தள்ளுவதும் இழுப்பதும் அதே கணக்குதான். பீரோவை நகர்த்துவது, மோட்டாருக்குக் கைப்பம்ப் அடிப்பது எதுவும் வேண்டாம்.

"மூணே ஓட்டைதானே போட்டாங்க" என்று லேப்ராஸ்கோபி செய்துகொண்டவர்கள் சீக்கிரமே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். வெளியே சின்ன ஓட்டை. உள்ளே கர்ப்பப்பையை எடுத்த இடத்தில் போட்ட தையல் எல்லோருக்கும் ஒன்றுதான். டாக்டர் சொல்லும்வரை அவர்களும் பாரம் தூக்கக் கூடாது. தாம்பத்தியத்துக்கும் அந்தத் தையல் ஆறும்வரை, பொதுவாக ஆறு வாரமாவது, பொறுக்க வேண்டும். இதையும் டாக்டர் வாயாலேயே கணவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பெல்ட் போட்டிருக்கிறேன், தூக்கலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். டாக்டர் சொன்னால் சொன்ன நேரம் போட்டுக்கொள்ளுங்கள். பாரம் தூக்க அது அனுமதிச் சீட்டு அல்ல.

இப்போதைக்கு வேண்டாதவை

யோகா தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டும். புஜங்காசனம், தனுராசனம் வயிற்றை இழுக்கும். நௌகாசனம், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, படுத்து எழும் பயிற்சிகள் வயிற்றுத் தசையை இறுக்கும். ஹலாசனம், சர்வாங்காசனம் வேண்டாம். வயிற்றை வேகமாக உள்ளே தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா கூடவே கூடாது. இவற்றையெல்லாம் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான், அதுவும் ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டும். நிதானமாக மூச்சை இழுத்து விடுவதும் சவாசனமும் முதல் வாரத்திலிருந்தே செய்யலாம்.

ஓடுவது, ஸ்கிப்பிங், குதிப்பது எதுவும் வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டுவதும் நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான். திடீரென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினால் வயிற்றில் வலி வராது என்ற நிலை வர வேண்டும். மேடு பள்ளத்தில் பின்னால் உட்கார்ந்து போவதையும் தள்ளிப்போடுங்கள்.

மலச்சிக்கல் வந்தால் முக்குவதும் பாரம் தூக்குவதற்குச் சமம்தான். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். தண்ணீரால் புண் சீழ் பிடிக்காது. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்றவை புண் ஆற உதவும். குந்தி உட்கார சிரமமாக இருந்தால் கொஞ்ச நாளைக்கு ஓட்டை போட்ட நாற்காலியை வைத்துக்கொள்ளலாம். மலமிளக்கி மருந்து டாக்டரே தருவார். கேட்டு வாங்குங்கள்.

இவை இருந்தால் நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு

இந்தப் பகுதியை மட்டுமாவது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு. எண்ணெய் தேய்க்காதீர்கள், உருவாதீர்கள், ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே போக வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம். இதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், தையல் சிவந்து வீங்குவது, சீழ், தையல் வாய் பிளப்பது. தையலிலிருந்து திடீரென்று நிறைய நீர் கொட்டினால் அது உள்தையல் விட்டதன் அடையாளமாக இருக்கலாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு படுத்தபடியே போங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி உணர்ச்சி.

சிறுநீர் போகாமை, விடாத வாந்தி, வயிறு உப்பி வாயுகூடப் பிரியாமல் இருப்பது.

"ராத்திரி நேரத்துல எப்படி எழுப்புறது" என்று கணவர் தூக்கம் கெடுமே என்று பார்க்காதீர்கள்.

எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே கணக்கு இல்லை

நான் எழுதியது கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு. சிசேரியன் ஆனவர்களுக்கும் நடை, மூச்சு, தலையணை எல்லாம் பொருந்தும். அவர்கள் தங்கள் குழந்தையைவிட பாரமான எதையும் தூக்காமல் இருந்தால் நல்லது. இதய பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பை அறுத்துச் சேர்த்திருப்பார்கள். அவர்கள் கையை ஊன்றி எழக்கூடாது. நான் சொன்ன எழுந்திருக்கும் முறை அவர்களுக்கு ஆகாது. மூட்டு மாற்றியவர்களுக்கு முழங்காலை மடக்குவதுதான் முக்கியப் பயிற்சி. ஆகவே அவரவர் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுச் செய்யுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை உள்ளவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. எவ்வளவு நடக்கலாம்? எத்தனை கிலோ வரை, எத்தனை வாரம் கழித்துத் தூக்கலாம்? தையல் உள்ளே எந்த மாதிரி போட்டிருக்கிறது? சினைப்பையையும் எடுத்துவிட்டீர்களா? எந்த அறிகுறிக்கு எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும்? சினைப்பையை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், மாதவிலக்கு நிற்கும் முன்பே இரண்டையும் எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் தேய ஆரம்பிக்கும். அவர்களுக்கு நடையும், பின்னாளில் டாக்டர் அனுமதித்த பாரப் பயிற்சியும், கால்சியமும் ஆயுள் முழுக்க வேண்டும்.

ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகும் ஒரேயடியாகக் குடத்தில் போய் நிற்காதீர்கள். முதலில் அரைச் செம்பு, அரை வாளி என்று ஏற்றுங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாமியார், கணவர், மகன், மகள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் ஆன பெண் காலையில் கூடத்தில் நடப்பதைப் பார்த்தால், அவளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. தேற வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். ஆறு வாரத்துக்குக் குடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அப்போது பழகிய தண்ணீர் பிடிக்கும் வேலையை இன்றுவரை விடவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை!

— ஒரு வாசகி, மயிலாடுதுறை.